சுத்தமான தண்ணீர்

எங்கள் ஊரில் கல்யாணமாகி வந்த பெண்ணுக்குச் சொந்தப் பேர் கிடையாது. முதல் பிள்ளை பிறக்கும்வரை இன்னார் பெண்டாட்டி, பிறந்தபிறகு இன்னார் அம்மா. நான் மிக்கேல் அம்மா. என் பேர் என்னவென்று என் மருமகளைக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்வாள். இதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் என் சின்னம்மா யாகப்பம்மாள் நாற்பது வயதைத் தாண்டியும் மரியதாஸ் பெண்டாட்டியாகவே இருந்தாள். அவளுக்கு எத்தனையோ வருஷம் பின்னால் வாக்கப்பட்டு வந்த சின்னஞ்சிறுசுகளெல்லாம் ரோஸ் அம்மா, தொம்மை அம்மா என்று ஆகி, மீன் ஏலம் போடுகிற இடத்தில் அவளைப் பார்த்து, "ஏ மரியதாசு பொண்டாட்டி, கூடையத் தள்ளி வையி" என்று அதிகாரம் பண்ணுவார்கள். சின்னம்மா தள்ளி வைப்பாள். மலடிக்கு வாய் இருந்தாலும் அது பேசுகிற வாய் இல்லை என்பது ஊர்ச் சட்டம்.

ஊர் என்றால் பெரிய ஊர் இல்லை. உச்சிப்புளி ரயிலடியில் இறங்கி வடக்கே தென்னந்தோப்புகளைத் தாண்டி நடந்தால் கடல் வரும், கடலோடு நாங்களும் வருவோம். ஒரு சின்னக் கோயில், அதை ஒட்டிக் கல்லறைத் தோட்டம், மற்றதெல்லாம் ஓலைக் குடிசை. பங்குச் சாமியார் இருப்பது வேறு ஊரில். மாதம் ஒருமுறை வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் எங்களுக்குச் சாமியாருக்குச் சாமியாராக இருந்தது உபதேசியார் அருளானந்தம். மணி அடிப்பது, செபம் சொல்லிக் கொடுப்பது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர்தான். படித்தவர். படித்தவர் என்பதை நாங்கள் மறந்துவிடாதபடி பார்த்துக்கொள்ளவும் செய்வார்.

சின்னம்மா பிள்ளைக்காக வேண்டாத தெய்வம் இல்லை. வேதசாட்சி ரத்தம் சிந்திய ஓரியூருக்கு நடந்தே போய் அங்கத்துச் செம்மண்ணைத் தண்ணீரில் கரைத்துக் குடித்திருக்கிறாள். வேளாங்கண்ணியில் முழங்காலிலேயே நடந்திருக்கிறாள். ஒன்றும் நடக்கவில்லை. அவள் புருஷன் மரியதாஸ், எனக்குச் சின்னையா முறை, நல்ல மனுஷன்தான். வாயில்லாத மனுஷன். அவருடைய தம்பி பெண்டாட்டி ஜோதிமேரிக்கு நாலும் ஆண்பிள்ளை. சின்னையாவின் மீன்பிடி வல்லமும் வலையும் மூத்தவனுக்குத்தான் என்று ஜோதிமேரி எப்போதோ மனசுக்குள் எழுதிவைத்துவிட்டாள். வல்லம் கரையேறும்போதெல்லாம் தன் வீட்டுச் சாமானைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்ப்பாள்.

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் இருக்கும். சின்னம்மாவுக்குத் தீட்டு நின்றுபோனது. யாரும் சந்தேகப்படவில்லை. நிற்கிற வயசுதான். அவளே என்னிடம், "அந்தத் தொல்லையும் விட்டுச்சுடி. இனி மாசாமாசம் ஏங்க வேண்டாம்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பை நான் இங்கே எழுதப் போவதில்லை.

பிறகு வயிறு தடித்தது. கட்டி என்று ஊர் முடிவு செய்தது. ஜோதிமேரி எதையோ காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்து, "எனக்கும் ஒங்கள விட்டா யாரு இருக்கா அக்கா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சின்னம்மா அதைக் குடிக்கவில்லை. ஒருநாள் காலையில் என்னையும் கூட்டிக்கொண்டு ரயிலேறி ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். லேடி டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார், குழல் வைத்துக் கேட்டார்.

"கட்டி இல்லம்மா. பிள்ளை. அஞ்சு மாசம் முடியப் போகுது."

சின்னம்மா திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தாள். அங்கே சுவர்தான் இருந்தது. "என்னையவா சொல்றீக?" என்று கேட்டாள்.

டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு சிரிக்காமல், இந்த வயதில் வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடாது, மாதம் நெருங்கும்போது இங்கே வந்து தங்கிவிட வேண்டும் என்று சொன்னார். சின்னம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். திரும்பும்போது ரயிலில், "யார்ட்டயும் சொல்லிராதடி, கண்ணு பட்டுரும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினாள். வாங்கிய கையோடு, வேர்க்கடலை விற்க வந்த முன்பின் தெரியாத கிழவியிடம், "எனக்கு அஞ்சு மாசம்" என்றாள். கிழவி அவள் நரைத்த தலையைப் பார்த்துவிட்டுக் கடலையைக் கூடுதலாக ஒரு கை அள்ளிப் போட்டாள்.

ஊருக்குத் தெரிந்ததும் நடந்த கூத்தைச் சொன்னால் என் ஊரை நானே திட்டுவதாகும், இருந்தாலும் சொல்கிறேன். வாலிபப் பயல்கள் சின்னையாவை வல்லத்தில் ஏறவிடாமல் மறித்துக்கொண்டு, "மாமா, வலை பழசுன்னுல்ல நெனச்சோம், மீன்பாடு பலமா இருக்கே" என்பார்கள். சின்னையா துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார். அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் முன்னே பார்த்ததில்லை, பின்னேயும் பார்க்கவில்லை. பெண்கள் இன்னும் மோசம். பேரன் எடுக்கிற வயசில் பிள்ளையா என்று கோயிலுக்குள்ளேயே முக்காட்டுக்குள் சிரித்தார்கள். மலடி என்று சொன்னதும் அதே வாய்தான். இல்லை என்றாலும் குற்றம், உண்டு என்றாலும் குற்றம். ஜோதிமேரி சிரிக்கவில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது. "இத்தனை வருசம் இல்லாம இப்ப என்ன அவசரம்" என்று என்னிடமே கேட்டாள்.

சின்னம்மாவுக்கு இதெல்லாம் காதில் ஏறவில்லை. உடம்புதான் அவளைப் படுத்தியது. கால் இரண்டும் வீங்கி, விரல் வைத்து அழுத்தினால் குழி விழும். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். ஒரு கடைவாய்ப்பல் தானாக விழுந்தது. "என்னயத் தின்னுதான் வளருது, திங்கட்டும்" என்பாள். ஓரியூரில் யாரோ கொடுத்த ஒரு படம் வைத்திருந்தாள், ரோஜாப்பூ முடி சூடிய புனிதவதி படம். பெண் பிறந்தால் அந்தப் புனிதவதி பேரையே வைத்து லீமாரோஸ் என்று அன்றே முடிவு செய்துவிட்டாள். ஆண் என்றால் என்ன பேர் என்று கேட்டதற்குச் சின்னையாவைக் காட்டி, "அவரு பாத்துக்கிருவாரு" என்றாள். லீமா அம்மா என்று தனக்குத்தானே மெதுவாகச் சொல்லிப் பார்ப்பாள். நான் கேட்டிருக்கிறேன்.

ஒரு பயம் மட்டும் அவளை விடவில்லை. ஞானஸ்நானம் பெறாமல் சாகிற பிள்ளை மோட்சம் போகாது என்று அப்போது சொல்லிக் கொடுப்பார்கள். நரகத்துக்கும் போகாதாம், ஆண்டவர் முகத்தையும் பார்க்காதாம், எங்கேயோ ஓரிடத்தில் கிடக்குமாம். அதைக் கல்லறைத் தோட்டத்துக்குள் புதைக்கவும் மாட்டார்கள். சுவருக்கு வெளியே, பனைமரங்கள் பக்கம், தூக்குப் போட்டுக்கொண்டவர்களோடு புதைப்பார்கள். பேரும் கிடையாது, ஞானஸ்நானம் இல்லாத பிள்ளைக்கு ஏது பேர். ஆனால் ஆபத்து என்றால் சாமியாருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி மந்திரம் சொல்லலாம் என்றும் ஒரு வழி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் உபதேசியார் பெண்களை மட்டும் நிறுத்திவைத்து அதைச் சொல்லிக் கொடுத்தார். சின்னம்மா வயிற்றைத் தாங்கிக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

அவர் புத்தகத்தை வைத்து வாசித்தார். "சுபாவமான தண்ணீரைச் சிரசின்மேல் வார்த்து..."

"சுபாவமான தண்ணின்னா என்னங்க?" என்று சின்னம்மா கேட்டாள்.

உபதேசியார் புத்தகத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கம் இல்லை. "சுத்தமான தண்ணி. தேவ காரியம் பாருங்க, அசுத்தம் படாத தண்ணியா இருக்கணும்."

"அசுத்தம்னா?"

"மனுசக் கை படாததா இருந்தா ரொம்ப நல்லது" என்று அவர் சொந்தமாக ஒன்றைச் சேர்த்தார்.

சின்னம்மா வாய்க்குள்ளேயே அதைச் சொல்லிக்கொண்டு வந்தாள். மந்திரத்தை என்னிடம் ஒப்பித்தாள். மனுசக் கை படாத சுத்தமான தண்ணீர். மனப்பாடம்.

அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. மணலில் ஊற்றுத் தோண்டித்தான் எங்களுக்குக் குடிதண்ணீர். ஊற்றில் நாள் முழுக்கக் காத்திருந்து சிரட்டையால் வழித்தால் கலங்கலாக அரைக்குடம் தேறும். சின்னையா உச்சிப்புளித் தோப்பிலிருந்து இளநீர்க் குலை ஒன்றைத் தோளில் சுமந்து வந்து வீட்டு மூலையில் போட்டிருந்தார், வயிற்றுப்பிள்ளைக்காரி குடிக்கட்டும் என்று.

ஆஸ்பத்திரிக்குப் போய்த் தங்க இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஒருநாள் பட்டப்பகலில் வலி வந்துவிட்டது. ஆண்கள் எல்லாரும் கடலில். பக்கத்து ஊர் மருத்துவச்சி இருளம்மாளைக் கூட்டிவரத்தான் நேரம் இருந்தது. இருளம்மாள் எங்கள் வேதம் இல்லை. அவளுக்கு அவள் காளி. ஆனாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதி அவள் கையில் விழுந்ததுதான். சின்னம்மாவின் இடுப்பைத் தொட்டுப் பார்த்ததுமே அவள் முகம் மாறியது. "எலும்பு முத்திப்போச்சு தாயி, பல்லக் கடிச்சுக்க" என்றாள்.

சின்னம்மா கத்தவே இல்லை. கத்தினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தாள். நான் ரெண்டு பெற்றவள், எனக்கே பார்க்க முடியவில்லை. வெயில் சாயத் தொடங்கும்போது பெண்பிள்ளை பிறந்தது. கொடி கழுத்தில் சுற்றி, நீலம் பாரித்து, அழாமல். இருளம்மாள் தட்டினாள், ஊதினாள், தலைகீழாகப் பிடித்தாள். ரொம்ப நேரம் கழித்துப் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. இருளம்மாள் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள். தேறாது என்று அர்த்தம்.

சின்னம்மா அதைப் பார்த்துவிட்டாள். முந்தானையைத் துப்பிவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். "தண்ணி" என்றாள்.

வீட்டில் இருந்த தண்ணீர் அந்த ஒரு சட்டிதான். அதில் இருளம்மாள் கை கழுவி, துணி அலசி, சிவப்பாகக் கிடந்தது. நான் அதை எடுக்கப் போனேன்.

"அந்தத் தண்ணியவா? என் பிள்ள தலையிலயா?"

"அப்ப கடல்ல கோரிட்டு ஓடியாறேன் சின்னம்மா, ஒரு நிமிசம்."

"ஊரு பூராம் கால் கழுவுற கடலுடி அது" என்றாள். மூச்சு வாங்கியது. "அந்த இளநிய வெட்டு. மனுசக் கை படாத தண்ணி அதான்."

இருளம்மாளும், "வெட்டு தாயி, எங்க சாமியவே நாங்க இளநியிலதான் குளிப்பாட்டுறோம்" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. யாருக்குத்தான் படாது? வெட்டிக் கொடுத்தேன். சின்னம்மா தன் கையாலேயே பிள்ளையின் நெற்றியில் ஊற்றினாள். "லீமாரோஸ், பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவுடையவும் நாமத்தினாலே நான் உன்னைக் கழுவுகிறேன்." ஒரு சொல் தப்பவில்லை. பிள்ளை நாக்கை நீட்டி ஒரு சொட்டை நக்கியது. அதுதான் அது இந்த உலகத்தில் சாப்பிட்டது. வல்லங்கள் கரை சேருவதற்குள் அடங்கிவிட்டது.

சின்னம்மா அழுதாள், ஆனால் இடிந்துபோய் அழவில்லை. பிள்ளை போய்விட்டது, ஆனால் பேரோடு போயிருக்கிறது, நேரே மோட்சம் போயிருக்கிறது, தன்னால் போயிருக்கிறது என்கிற ஒரு தெம்பு அந்த அழுகைக்குள் இருந்தது. "லீமா, லீமா" என்று பேர் சொல்லி அழுதாள்.

சின்னையா வந்து வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கூட்டம் கூடியது. உபதேசியார் வந்தார். அடக்கம் செய்வதற்கு முன்னால் கேட்க வேண்டியதைக் கேட்டார். யார் ஊற்றியது, என்ன சொல்லி ஊற்றியது, தலையில் ஓடியதா. எல்லாவற்றுக்கும் சின்னம்மா பாயில் கிடந்தபடியே உள்ளிருந்து பதில் சொன்னாள்.

"தண்ணி எந்தத் தண்ணி?"

எனக்கு என்னவோ தோன்றிவிட்டது. குனிந்து, "தண்ணின்னு மட்டும் சொல்லுங்க சின்னம்மா" என்று காதில் சொன்னேன்.

"நான் எதுக்குடி மறைக்கணும்" என்றவள், ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். "இளநி, உபதேசியாரே. நீங்க சொன்னபடிதான். மனுசக் கை படாத சுத்தமான தண்ணி."

வெளியே நின்ற உபதேசியார் மெதுவாக, "இளநி தண்ணி ஆகாதேம்மா" என்றார்.

"பேரே இளநீர்னுதான இருக்கு. நீர்னா தண்ணி இல்லையா?"

சாமியாரைக் கேட்காமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார். அன்றைக்கே சின்னையாவும் அவரும் பங்குக் கோயிலுக்குக் கிளம்பினார்கள். மறுநாள் காலையில்தான் வந்தார்கள். அதுவரை பிள்ளையைத் துணியில் சுற்றி சின்னம்மா பக்கத்திலேயே வைத்திருந்தோம். தாயும் பிள்ளையுமாக அவர்கள் இருந்தது அவ்வளவுதான்.

அங்கே நடந்ததைச் சின்னையாதான் சொன்னார். சாமியார் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாராம். சுபாவமான தண்ணீர் என்றால் சாதாரணத் தண்ணீர்தானே, இளநீர் என்பது காயின் சாறு, அதை ஊற்றினால் ஞானஸ்நானம் ஆகாது என்றாராம். "கடல் தண்ணி போதுமே. பிள்ளையக் கழுவுன அழுக்குத் தண்ணி போதுமே. கண்முன்னால இவ்வளவு பெரிய கடல வச்சுக்கிட்டு யாரு இவளுக்கு இளநியச் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாராம்.

"அதுக்கு உபதேசியாரு என்ன சொன்னாரு?" என்று நான் கேட்டேன்.

"அறியாத சனங்க சாமின்னாரு."

"நீங்க என்ன சொன்னீக?"

சின்னையா ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. வாயில்லாத மனுஷன் நல்ல மனுஷன் என்று இந்தக் கதையின் தொடக்கத்தில் சொன்னேன். பாதிதான் சரி.

பிள்ளையைச் சுவருக்கு வெளியே பனைமரத்தடியில் புதைத்தார்கள். மணி அடிக்கவில்லை, செபம் இல்லை. சின்னம்மாவிடம் அன்றைக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் மணி அடிக்காததை அவள் கேட்டுக்கொண்டுதான் கிடந்தாள். மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டியது. நாற்பத்திரண்டு வயதில், குடிக்க வாய் இல்லாமல், அப்படி ஒரு பால். நான் துணியை இறுக்கிக் கட்டிவிட்டேன். பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டினேன். ஒரு வாரம் நிற்கவில்லை. "சாமியாரு அந்த அழுக்குத் தண்ணியே போதும்னாராமே" என்றாள் ஒருநாள் என்னிடம். "நாந்தான் என் பிள்ளைக்கு அது ஆகாதுன்னுட்டேன்." அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தத் துக்க வீட்டிலேயே ஜோதிமேரி, "ஆண்டவரு சித்தம் அக்கா, இந்த வயசுல வளக்க ஒங்களால ஆகுமா" என்றாள். நான் அவளை அடிக்காமல் விட்டது என் பொறுமை. ஊர் திரும்பவும் மரியதாஸ் பெண்டாட்டி என்றே கூப்பிட்டது. லீமா என்கிற பேரை யாரும் வாயில் எடுக்கவில்லை. எடுத்தால் குற்றம் என்று பயமோ, கூச்சமோ. பெற்றதே கணக்கில் இல்லை. ஏலத்தில் கூடையைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள், அவளும் தள்ளி வைத்தாள்.

கோயிலுக்கு அவள் போகாமல் இருக்கவில்லை. கடைசியில் தூணோரம் உட்காருவாள். கல்லறைத் திருநாளன்று ஊரே உள்ளே போய்த் தங்கள் தங்கள் கல்லறையில் மெழுகுவத்தி கொளுத்தும். சின்னம்மா சுவருக்கு வெளியே போய்ப் பனைமரத்தடியில் ஒன்றைக் கொளுத்துவாள். அங்கே மறைப்பு கிடையாது, கடற்காற்று நேராக வந்து அணைத்துவிடும். திரும்பக் கொளுத்துவாள். தீப்பெட்டி தீரும்வரை கொளுத்திக்கொண்டிருப்பாள். முதல் வருஷம் உபதேசியார் அது கூடாது என்று சொல்லப் போனார். அவள் ஏறிட்டுப் பார்த்த பார்வையில் திரும்பி வந்துவிட்டார். அதன்பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. சுபாவமான தண்ணீர் என்றால் என்னவென்று பெண்களுக்கு அவர் திரும்பச் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. நான்தான் மெனக்கெட்டு வீடு வீடாகச் சொன்னேன், கடல்தண்ணி போதும், கழுவின தண்ணி போதும் என்று.

சில வருஷத்தில் சின்னையா நெஞ்சுவலியில் போய்விட்டார். வல்லம் ஜோதிமேரி மகனுக்குப் போனது. சின்னையாவைக் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவரோரமாக அடக்கம் செய்தார்கள். அந்த இடத்தைச் சின்னம்மாதான் கேட்டு வாங்கினாள். சுவருக்கு இந்தப் பக்கம் அப்பன், அந்தப் பக்கம் பிள்ளை. திருநாளன்று இவள் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகக் கொளுத்தினாள். சுற்றிப் போக வேண்டும். கால் வீக்கம் பிள்ளையோடு போகவில்லை, அவளோடேயே தங்கிவிட்டது. காலை இழுத்துக்கொண்டு சுற்றிப் போவாள்.

காலம் மாறியது. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு வந்தது. பூசையில் முதுகைக் காட்டி நின்ற சாமியார் எங்கள் பக்கம் திரும்பி நின்றார். புதிதாக ஒரு இளம் சாமியார் வந்தார், சைக்கிளில் வருவார், எல்லாரோடும் சிரித்துப் பேசுவார். கல்லறைத் தோட்டத்தில் இடம் நிறைந்துவிட்டது என்று ஊரார் சொன்னதும், பனைமரம் பக்கத்துச் சுவரை இடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிக் கட்டிவிடலாம் என்றார். நாலு பனையை வெட்டினார்கள். ஆண்கள் எல்லாரும் கடலுக்குப் போகாமல் கல் சுமந்தார்கள். சாயங்காலத்துக்குள் பழைய சுவர் இல்லை. அது எத்தனை லேசாக விழுந்தது என்று பார்த்துக்கொண்டு சின்னம்மா நின்றாள்.

புதுச் சுவர் எழும்பியதும் சாமியார் வந்து இடத்தை மந்திரித்தார். உபதேசியார் அருளானந்தம் கிழவராகி இருந்தார், தீர்த்தச் செம்பை ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தார். சாமியார் தெளித்துக்கொண்டே வந்து பிள்ளை கிடந்த இடத்தைத் தாண்டும்போது சின்னம்மா குறுக்கே போய் நின்றாள்.

"சாமி, அது என்ன தண்ணி?"

"தீர்த்தம்மா."

"எங்க கோரினது?"

சாமியார் உபதேசியாரைப் பார்த்தார். "கோயில் ஊத்துலதான்" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

"இளநி இல்லையே?"

சாமியாருக்கு விளங்கவில்லை. சிரிக்கப் பார்த்தார். அங்கே நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சின்னம்மா காலடி மண்ணைக் காட்டினாள். "இங்கன என் பிள்ள இருக்கு. நேத்து வரைக்கும் வெளிய கெடந்துச்சு. இப்ப உள்ள வந்துருச்சாக்கும்?"

"ஆமாம்மா. இந்த இடம் முழுக்க இப்போ பரிசுத்தமான இடம். உங்க பிள்ளையும் உள்ளதான் இருக்கு" என்றார் அவர். ஆறுதலாகத்தான் சொன்னார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"செவர நகட்டுனாப் போதும்னா அன்னைக்கே நகட்டியிருக்கலாமே சாமி" என்றாள் சின்னம்மா. "கல்லுதான. நானே சொமந்துருப்பேனே."

சின்னம்மா விலகி வழி விட்டாள். மந்திரிப்பு நடந்தது.

ஊர் மனசு ரொம்பப் பெரியது. பிள்ளை சுவருக்குள் வந்துவிட்டதால் பேரும் வந்துவிட்டது என்று எல்லாரும் தாமாக முடிவு செய்துகொண்டார்கள். அடுத்த வாரம் ஏலத்தில் நானும் சின்னம்மாவும் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தோம். பின்னாலிருந்து ஜோதிமேரி, நல்ல இனிப்பான குரலில், "ஏ லீமா அம்மா" என்று கூப்பிட்டாள்.

சின்னம்மா திரும்பவில்லை. நெத்திலியைக் கூறு வைத்துக்கொண்டிருந்தாள்.

"லீமா அம்மா, ஒங்களத்தான்."

சின்னம்மா தலையைத் தூக்கி, அக்கம்பக்கத்தில் நின்ற பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். அவர்களில் லீமா யாருடைய பிள்ளை என்று தேடுகிற பார்வை. ஒருத்தியும் பதில் சொல்லாததால் திரும்பவும் குனிந்துகொண்டாள்.

நான் அவள் தோளைத் தொட்டு, "சின்னம்மா, ஒங்களத்தான் கூப்புடுறாக" என்றேன்.

"என்னையவா?" என்று கேட்டுவிட்டு, கூடையை எடுத்துத் தள்ளி வைத்தாள்.